கொல்லை தேறட்டும் என்றீர்கள்

புங்கஞ்சேரி,
திருப்பனந்தாள் வழி.
பங்குனிக் கடைசி வெள்ளி.

அன்புள்ள சுடர்விழி அப்பாவுக்கு,

மலர்க்கொடி எழுதுவது. இங்கே நான் சுகம். தஞ்சாவூர் விடுதியில் சுடரும் சுகம். நர்சிங் படிப்போடு இப்போது ஆஸ்பத்திரி வேலையும் சேர்ந்துவிட்டதால் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் பேசுகிறாள். அப்பா சர்க்கரை மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா என்று கேட்கச் சொன்னாள். கேட்டுவிட்டேன்.

போன் இருக்கும்போது இவள் ஏன் பேனாவை எடுத்தாள் என்று நினைப்பீர்கள். போனில் நான் ஒரு வார்த்தை சொல்லி முடிப்பதற்குள் நீங்கள் பத்து யோசனை சொல்லிவிடுகிறீர்கள். அப்புறம் சிக்னல் போகிறது, இல்லையென்றால் என் பொறுமை போகிறது. காகிதம் குறுக்கே பேசாது. சைபுல்லா அண்ணன் லீவு முடிந்து திங்கட்கிழமை மஸ்கட் புறப்படுகிறார். ஒரே அறையில்தானே இருக்கிறீர்கள், கையிலேயே கொடுத்துவிடுவார். மிளகாய் வற்றலும் மாவடுவும் தனியாகக் கட்டிக் கொடுத்திருக்கிறேன். எல்லாம் கடையில் வாங்கியதுதான். நம் கொல்லையில் விளைந்தது என்று சொல்ல ஒன்றும் இல்லை.

கொல்லையைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். தை மாதம் அறுப்பு முடிந்து கத்தரி, மிளகாய், வெண்டி எல்லாம் வைத்தேன் அல்லவா? கத்தரி இன்னும் ஒரு சாணைத் தாண்டவில்லை. தண்டு துடைப்பக் குச்சி மாதிரி இருக்கிறது. அடி இலை மஞ்சளாகி உதிர்கிறது, நுனியில் மட்டும் இரண்டு இலை பச்சையாக நிற்கிறது. மிளகாய்ச் செடியில் நாலு இலையும் ஒரு பூவும்தான். காய்க்க முடியாத செடி எதற்குப் பூக்கிறதோ தெரியவில்லை. காலையில் எழுந்து அதைப் பார்த்தாலே எனக்கு எரிச்சலாக வருகிறது.

வீடு கட்டும்போது, வாய்க்கால் ஓரத்துப் பள்ளம், மழைக்குத் தண்ணீர் நிற்கும் என்று மனை முழுவதையும் தூர்க்கச் சொன்னீர்கள். வீடு நிற்கிற இடத்தை மட்டும் தூர்த்தால் போதும், கொல்லையை விட்டுவிடுங்கள் என்றேன். "பாதி மேடு பாதி பள்ளமா இருந்தா பாக்க நல்லாவா இருக்கும்?" என்றீர்கள். லாரி லாரியாகச் சவுட்டு மண் வந்து இறங்கியது. எந்தக் குளத்தின் அடியில் தோண்டியதோ, வெளிறிப்போன மஞ்சள் மண், கையில் பிடித்தால் ஒட்டாமல் உதிர்கிறது. உங்கள் அப்பா ஊரார் வயலிலெல்லாம் கூலிக்கு உழைத்துக் கடைசியில் தன் பேருக்கு வாங்கிய கறுப்பு வண்டல் இப்போது இடுப்பளவு ஆழத்தில் கிடக்கிறது. நம் ஊரில் புது வீடு கட்டுகிற எல்லோரும் இதைத்தான் செய்கிறார்கள், உங்களை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. ஆனால் அந்த மண்ணில் தினம் குனிந்து நிமிர்கிறவள் நான் ஒருத்திதான்.

அதற்கு மேல் நடந்த கூத்தைக் கேளுங்கள். வைக்கோலைப் போட்டு மடக்கிக் கொத்திவிடு, தண்ணீரைக் கட்டு, வயலுக்கு அதுதானே உரம் என்று சொன்னீர்கள். நானும் நாற்றங்காலில் வளர்ந்தவள்தானே, சரியென்றுதான் பட்டது. போதாதென்று மில்லிலிருந்து உமியும் கொண்டுவந்து கொட்டிக் கொத்தினேன். தோள்பட்டை இரண்டும் விட்டுப்போயிற்று. அதன் பிறகு செடி முன்னைவிட மோசமாக வெளுத்தது. யூரியா போடு என்றீர்கள். நெல்லுக்கு வீசிப் பழகிய கைக்குக் கத்தரியின் அளவு தெரியவில்லை, சில செடி கருகியது. தப்பித்த செடிகள் ஒரு வாரம் கரும்பச்சையாக நின்றன. நான் குடம் குடமாக ஊற்றிய தண்ணீரோடு யூரியாவும் அந்தச் சவுட்டில் இறங்கிவிட, மறுபடியும் பழைய மஞ்சள்தான்.

நேற்று வேளாண்மை அலுவலகத்தில் புதிதாக வந்திருக்கும் மாதங்கி என்ற பெண்ணைக் கையோடு அழைத்துவந்து காட்டினேன். ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தாள், மண்ணைக் கிளறிப் பார்த்தாள், வைக்கோல் போட்டீர்களா என்று கேட்டாள். "அக்கா, வயலுக்குச் செய்யிறதைக் கொல்லைக்குச் செஞ்சிருக்கீங்க. வயல்ல சத்து ஏற்கெனவே இருக்கு, வைக்கோலு மக்க நேரமும் இருக்கு. இது ஒண்ணுமே இல்லாத மண்ணு. வைக்கோலையும் உமியையும் மக்க வைக்கிற நுண்ணுயிரு, இருக்கிற கொஞ்சநஞ்சத் தழைச்சத்தையும் தின்னுடுது. செடிக்கு எங்கேருந்து கிடைக்கும்?" என்றாள். விருந்தாளியைப் பட்டினி போட்டுச் சமையல்காரனுக்கு இலை போட்ட கதை. அதை நான் உப்பு வியர்வை கொட்டக் கொட்டச் செய்திருக்கிறேன் என்று நினைக்கும்போது யாரையாவது திட்ட வேண்டும் போலிருக்கிறது. பக்கத்தில் நீங்கள் இல்லை.

வழி இருக்கிறது என்கிறாள். நட்டதையெல்லாம் பிடுங்கிவிட்டுத் தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் நேரத்தில் வெட்டி மண்ணிலேயே மடக்க வேண்டுமாம். வைக்கோல் காய்ந்த சக்கை, இது பச்சைத் தழை, சீக்கிரம் மக்கிச் சத்தைக் கொடுக்கும் என்கிறாள். ஆடிப்பட்டத்துக்குள் மண் ஒரு வழிக்கு வரும் என்று சொன்னாள்.

அந்த ஆடிதான் எனக்குக் கெடுவும். உங்கள் அண்ணன் கோவிந்தராசு தன் அறுப்பு மிஷினை நிறுத்த நம் கொல்லையில் சிமெண்டுத் தளம் போட்டுக் கொட்டகை கட்டிக்கொள்கிறேன் என்று கேட்டதற்கு, ஆடி வரைக்கும் பார்க்கலாம், செடி தேறாவிட்டால் எடுத்துக்கொள் என்று நீங்கள் வாக்குக் கொடுத்திருக்கிறீர்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? கொல்லை தேறட்டும், நாற்றுப் போட்டும் காய்கறி விற்றும் இரண்டு பேரும் பிழைத்துக்கொள்ளலாம், முடித்துக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று வருஷா வருஷம் நீங்கள்தான் சொல்கிறீர்கள். அதில் தளம் போட்டுவிட்டால் நீங்கள் எங்கே வந்து எதை விதைப்பீர்கள்? செடி வளராத கோபம் எனக்கு இவ்வளவு எதற்கு என்று கேட்டீர்களே, இதற்குத்தான்.

வெயில் நேரத்தில் மேல்தளத்தில் நின்று வேலை செய்யாதீர்கள். தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

உங்கள் வரவை எண்ணியிருக்கும்,
மலர்க்கொடி.


புங்கஞ்சேரி,
ஆனி நடுவில், ஞாயிறு.

அன்புள்ள சுடர்விழி அப்பாவுக்கு,

உங்கள் மலர்க்கொடி. இங்கே அனைவரும் நலம். என் கடிதத்துக்குப் பதிலாகப் போனில் "கிடைச்சுது" என்று ஒரு வார்த்தை சொன்னீர்கள். மாவடு நன்றாக இருந்தது என்று இன்னொரு வார்த்தை. நான் எழுதியது இரண்டு தாள். இதைத் தபாலில் அனுப்புகிறேன், வந்து சேரும்போது சேரட்டும்.

மேட்டூர் தண்ணீர் நம் வாய்க்காலுக்கு வந்துவிட்டது. ஊரில் குறுவை நடவு மும்முரம். எல்லோரும் வயலில் நிற்க, நான் மட்டும் கொல்லையில் தக்கைப்பூண்டோடு நின்றேன். சித்திரையில் ஒரு கோடை மழை பெய்ததும் விதைத்தேன். இந்த மண்ணில் முன்பின் விளைச்சல் கிடையாது என்பதால் மாதங்கி உயிர் உரப் பொட்டலம் ஒன்று கொடுத்தாள். ஆறிய சோற்றுக் கஞ்சியில் அதைக் கரைத்து விதையைப் புரட்டி, நிழலில் உலர்த்தித் தெளித்தேன். தெருவில் ஒரே சிரிப்பு. அண்டை வீட்டுச் செவ்வந்தி வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, "ஏன் மலரு, வயலுக்கு வெதைக்கிறத கொல்லைக்கு வெதைக்கிற? அடுத்து நடவு ஆளும் கூப்பிடுவியா?" என்று கேட்டாள். கூப்பிட்டாலும் நீ வர மாட்டாய், போ என்றேன்.

முளைத்ததும் அதுவும் மஞ்சளாகத்தான் நின்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது, உண்மையைச் சொல்கிறேன். அலுவலகத்துக்கே போய் மாதங்கியிடம் சத்தம் போட்டேன். பாவம், அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, கொஞ்சம் பொறுங்கள் அக்கா, வேரில் முடிச்சு வைக்கட்டும் என்றாள். வைகாசியில் ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன். வேர் முழுக்கக் கடுகு கோத்த மாதிரி முடிச்சு. நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பு. அப்படி இருந்தால் அது காற்றிலிருந்து தழைச்சத்தை இழுத்து வேலை செய்கிறது என்று அர்த்தமாம். அதற்குப் பிறகு பார்க்க வேண்டுமே, கிடுகிடுவென்று என் தோளுக்கு வந்துவிட்டது. வீடு குடிபோனதிலிருந்து அந்தக் கொல்லை பச்சையாக இருந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அந்தப் பச்சைக்குள்தான் உங்கள் அண்ணன் ஒரு டிராக்டர் ஜல்லியைக் கொண்டுவந்து கொட்டினார். ஆடி முதல் வாரத்தில் தளம் போட ஆள் வருகிறதாம். கிழக்கு மூலையில் ஒரு பாத்தி அளவு தக்கைப்பூண்டு ஜல்லிக்கு அடியில் போய்விட்டது. நான் போய் டிராக்டருக்கு முன்னால் நின்றேன். "தம்பி சொல்லிட்டான், உனக்கென்ன? வெறும் காட்டுச் செடிய வளத்து வச்சிக்கிட்டு வம்பு பண்ற" என்றார். அவரையும் ஒரேயடியாகக் குறை சொல்ல முடியாது. கடன் வாங்கி எடுத்த மிஷின், இரண்டு மழை நனைந்து துருவேறிக்கொண்டிருக்கிறது. ஆனால் என் இடத்தில் வந்து என் பயிர் மேல் ஜல்லி கொட்டினால் நான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமா?

அங்கேயே உங்களுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். நீங்கள் என்ன சொன்னீர்கள்? "ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிக்கங்க" என்றீர்கள். தெருவே நின்று கேட்டுக்கொண்டிருந்தது. எனக்கு ஆதரவாகவும் இல்லை, அண்ணனுக்கு ஆதரவாகவும் இல்லை, பாம்பும் சாகக் கூடாது, கம்பும் உடையக் கூடாது. அன்றைக்குப் போனைப் பிடுங்கி வாய்க்காலில் வீசியிருப்பேன், அது உங்கள் அண்ணனுடைய போன்.

போன வாரம் தக்கைப்பூண்டு பூ எடுக்கத் தொடங்கியது. சின்னச் சின்ன மஞ்சள் பூ. செவ்வந்தியே வந்து, இவ்வளவு அழகாக நிற்கிறதே, இன்னும் கொஞ்சம் வளரட்டும், ஏன் வெட்டுகிறாய் என்றாள். விட்டால் தண்டு முற்றிவிடும், முற்றினால் மறுபடியும் வைக்கோல் போட்ட கதைதான் ஆகும். அரிவாளை எடுத்து நானே வெட்டினேன். வெட்டி, துண்டு போட்டு, மண்வெட்டியால் மடக்கினேன். சாயங்காலம் பார்த்தால் பழையபடி வெறும் மண். எல்லாம் புரிந்து செய்கிற வேலைதான், இருந்தாலும் கிணற்றடியில் உட்கார்ந்து நெடுநேரம் எழுந்திருக்க மனசில்லை.

இப்போது அது உள்ளே மக்கிக்கொண்டிருக்கிறது. ஆடி பிறந்து ஒரு வாரத்தில் நாற்று வைக்கலாம். அதற்குள் நீங்கள் உங்கள் அண்ணனிடம் ஒரு வார்த்தை பேச வேண்டும். தளம் வேண்டாம் என்று நீங்கள் சொன்னால் கேட்பார், நான் சொன்னால் பொம்பிளை பேச்சு. எனக்காகப் பேச வேண்டாம். நீங்கள் வந்து உட்காரப்போகிற இடம் அது, உங்களுக்காகப் பேசுங்கள்.

பேசுவீர்கள் என்ற நம்பிக்கையோடு,
மலர்க்கொடி.


புங்கஞ்சேரி,
புரட்டாசி, மூன்றாம் சனிக்கிழமை.

அன்புள்ள சுடர்விழி அப்பாவுக்கு,

மலர்க்கொடி வணக்கத்துடன் எழுதுவது. சுடர் லீவில் வந்திருக்கிறாள். நான் எழுதுவதை எட்டிப் பார்க்கிறாள், விரட்டிவிட்டேன். இந்தக் கடிதத்தைச் சைபுல்லா அண்ணன் மனைவி கமருன்னிஸா கொண்டுவருகிறாள். அவர் அவளை விசிட் விசாவில் அழைத்துக்கொள்கிறார். உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

முதலில் நல்ல சேதி. கொல்லை தேறிவிட்டது. நீங்கள் பேசவில்லை, அதனால் நானே பேசினேன். ஆடியில் தளம் போட ஆள் வந்தபோது உங்கள் அண்ணனிடம், ஒரு நாற்று வைத்துப் பார்க்கிறேன், ஆவணி முடிவதற்குள் அது முழங்காலுக்கு வராவிட்டால் நானே உங்கள் மிஷினுக்குக் கதவு திறந்துவிடுகிறேன் என்றேன். என்ன நினைத்தாரோ, சரியென்று போய்விட்டார். "ஆடிப்பட்டம் தேடி விதை" என்று சும்மாவா சொன்னார்கள்? கத்தரி இடுப்பளவு நிற்கிறது. இலை ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். இந்தத் தடவை யூரியாவை அள்ளி வீசவில்லை. மக்கிய சாணியும், ஊறவைத்த கடலைப் புண்ணாக்குத் தண்ணீரும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தேன், பாத்திக்கு நடுவில் தட்டைப்பயறு ஊன்றினேன். கிழக்கு மூலையில் ஜல்லி கிடந்த இடம் மட்டும் இன்னும் மஞ்சள்தான். உங்கள் அண்ணன் முதல் காயை வாங்கிப்போய்க் குழம்பு வைக்கச் சொல்லித் தின்றுவிட்டு, ஜல்லியை அவராகவே அள்ளிக்கொண்டு போனார். ஊருணிப் பக்கம் வேறு இடம் பார்த்துவிட்டார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் போனார், ஆனாலும் போனார்.

இதையெல்லாம் வீடியோவில் காட்டினேன். நீங்கள் சந்தோஷப்படுவீர்கள், தீபாவளிக்கு டிக்கெட் போட்டுவிட்டேன் என்று சொல்வீர்கள் என்று செடிக்குச் செடி போனைத் திருப்பிக் காட்டினேன். "நல்லா இருக்கு" என்றீர்கள். அப்புறம், மாடியில் இன்னும் ஒரு அறை எடுக்கலாமா என்று யோசிக்கிறேன், அது முடியட்டும் என்றீர்கள். நம் இரண்டு பேருக்கு எத்தனை அறை வேண்டும்?

கமருன்னிஸா பயணம் சொல்லிக்கொள்ள வந்தபோது தெரியாமல் வாய்விட்டுவிட்டாள். எனக்கு முன்பே தெரியும் என்று நினைத்திருக்கிறாள். நீங்கள் சித்திரையிலேயே கம்பெனியில் விசாவைப் புதுப்பித்துவிட்டீர்கள். நான் கஞ்சியில் விதை புரட்டிக்கொண்டிருந்தபோது நீங்கள் அங்கே கையெழுத்துப் போட்டுவிட்டீர்கள். அதற்குப் பிறகும் ஆடி வரைக்கும் பார் என்று என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். வேகாத வெயிலில் கொத்தினேனே, டிராக்டருக்கு முன்னால் நின்றேனே, எல்லாவற்றையும் தெரிந்துகொண்டேதானே கேட்டுக்கொண்டிருந்தீர்கள்? அன்றைக்கு வந்த கோபத்தில் எழுதியிருந்தால் இந்தக் கடிதத்தை நீங்கள் முழுதாகப் படித்திருக்க மாட்டீர்கள். அதனால்தான் இரண்டு வாரம் எழுதவில்லை.

இன்னொன்றும் சொன்னாள். "ஊருல போயி நான் என்ன பண்றது? யாரு கூட உக்காந்து பேசுறது? அவளுக்கே நான் விருந்தாளி மாதிரி ஆயிட்டேன்" என்று சைபுல்லா அண்ணனிடம் சொன்னீர்களாம். என்னிடம் சொல்லக் கூடாதா இதை? போன தடவை லீவில் வந்தபோது, சமையல்கட்டில் டம்ளர் எங்கே இருக்கிறது என்று கேட்டீர்கள். நான் சிரித்தேன். சிரித்திருக்க வேண்டாம். நீங்கள் அதற்கப்புறம் தாகத்துக்குக்கூடக் கேட்காமல் நானாகக் கொடுக்கும்வரை உட்கார்ந்திருந்தீர்கள். அதை நான் கவனித்தேன், உங்களுக்கு ஏதோ உடம்பு அசதி என்று விட்டுவிட்டேன்.

இங்கே எனக்கும் உங்களோடு இருக்கும் பழக்கம் விட்டுப்போய்விட்டது. பொய் சொல்ல மாட்டேன். கட்டிலில் குறுக்கே படுத்துப் பழகிவிட்டேன். ரசத்தில் உப்பு என் வாய்க்குத்தான் போடுகிறேன். நீங்கள் வந்தால் முதல் மாதம் சண்டைதான் போடுவோம். போட்டால் என்ன? ஊரில் யார் வீட்டில் சண்டை இல்லை? பேச ஆள் இல்லை என்கிறீர்கள். எனக்கு மட்டும் யார் இருக்கிறார்கள்? செவ்வந்தியோடு வேலிக்கு இந்தப் பக்கம் நின்று எவ்வளவு நேரம் பேசுவது?

வரப்போவதில்லை என்றால் வரவில்லை என்று சொல்லிவிடுங்கள். அழுது முடித்துக்கொள்கிறேன். ஆனால் கொல்லையைக் காரணம் சொல்லாதீர்கள், மாடியைக் காரணம் சொல்லாதீர்கள். மாடி அறைக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன். வீட்டுப் பத்திரம் என் பேரில் இருப்பதை உங்களுக்கு நினைவுபடுத்துகிறேன். வருவதாக இருந்தால் வேலையை விட்டுவிட்டுத்தான் வர வேண்டும் என்றுகூட இல்லை. ஒரு மாதம் வந்து இருந்து பாருங்கள். நாற்றங்காலுக்குப் பாத்தி கட்ட இரண்டாவது ஆள் வேண்டியிருக்கிறது, அதை நான் கூலிக்குக் கூப்பிடவில்லை. டம்ளர் இப்போது அடுப்புக்கு வலது பக்க அலமாரியில் இருக்கிறது.

கமருன்னிஸாவிடம் கத்தரிக்காய் கொடுத்து அனுப்பலாம் என்று பறித்து வைத்தேன். பிறகு வேண்டாம் என்று எடுத்துவிட்டேன். அங்கே அனுப்பினால் அங்கேயே சாப்பிட்டு முடித்துவிடுவீர்கள்.

மாத்திரையை மறக்காதீர்கள். எந்தக் குறையும் இல்லாமல் நீங்கள் நன்றாக இருக்க வேண்டும். அடுத்த காய்ப்பு இப்போது பிஞ்சாக இருக்கிறது. சீக்கிரம் வாருங்கள்.

என்றும் உங்கள்,
மலர்க்கொடி.